புழக்கடைச் சேவல்களை நடத்தும் முறை



கிராமங்களில் கோழி வளர்ப்பது பெரும்பாலும் ஸ்திரீகளின் பொறுப்பாகவே இருந்து வருகின்றது. ஆடவர்களின் வரவு செலவுக் கணக்கில் அது இடம்பெறுவதில்லை. ஆயினும், குழந்தையின் நோட்டுப் புத்தகத்திற்கும், அவசரமான மருந்திற்கும், எதிர்பாராது விருந்தினர் வந்த நாளின் செலவிற்கும் அநேக குடும்பங்களில் கைகொடுப்பது முட்டை விற்ற காசே என்பது யாவரும் அறிந்த விஷயம். அக்காசு குறைவதற்குக் காரணம் யாதென்று வினவினால், கீரியையும் பருந்தையும் வெள்ளைக்கழிச்சலையும் சொல்வார்களேயன்றிச் சேவலைச் சொல்வோர் மிகச் சிலரே. கீரியால் வரும் நஷ்டம் ஒரே இரவில் கண்ணுக்குத் தெரியும். சேவல்களால் வரும் நஷ்டமோ நாள்தோறும் சிறிது சிறிதாக நேர்வதால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

சேவலைப் பற்றி வீடுகளில் எழும் புகார்கள் நான்கு வகைப்படும். குழந்தைகளையும் முதியோரையும் பாய்ந்து குத்துகின்றது என்பது ஒன்று. சேவலும் சேவலும் ஓயாது சண்டையிட்டு இரத்தம் சிந்துகின்றன என்பது இரண்டாவது. பெட்டைகளின் முதுகையும் பிடரியையும் இறகின்றிச் செய்துவிடுகின்றது என்பது மூன்றாவது. வெயில் நாளில் முட்டை விரைவில் கெட்டுப் போகின்றது என்பது நான்காவது. இதற்கும் சேவலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதைப் பலர் அறியார். இந்நான்கையும் ஆராய்ந்து பார்த்தால், இவற்றுள் பெரும்பகுதி சேவலின் கெட்ட குணத்தால் வருவதன்று என்பது விளங்கும். சேவல்களின் தொகை அளவுக்கு மிஞ்சியிருப்பதாலும், வளர்ப்போர் அவற்றை நடத்தும் விதம் சரியில்லாமையாலும், நல்லது கெட்டது பாராமல் அகப்பட்ட சேவலையே இனவிருத்திக்கு விட்டுவிடுவதாலும் இத்தீங்குகள் விளைகின்றன. தொகை, நடத்தும் விதம், தேர்வு ஆகிய இம்மூன்றையும் சீர்படுத்தினால் போதும். அவற்றுள் தொகையும் தேர்வும் ஒரு வீட்டாரால் மட்டும் ஆகிற காரியமன்று. தெருவார் கூடிச் செய்யவேண்டியவை.

சேவலின் சுபாவம்

வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியாகும். தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் இரத்தமும் அதிற் சிறிது கலந்துள்ளது. இன்றைய கோழிகள் பலவற்றின் தோலும் காலும் மஞ்சள் நிறமாக இருப்பது அக்கலப்பினால் வந்ததென்று 2008-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. காட்டில் வாழ்ந்த காலத்தில் சேவல் தன் எல்லையையும் தன் பெட்டைகளையும் காத்து நிற்க வேண்டியிருந்தது. அச்சுபாவமே புழக்கடையிலும் தொடர்ந்து வருகின்றது.

கோழிக் கூட்டத்தில் ஒவ்வொரு பறவைக்கும் ஓர் அந்தஸ்து உண்டு. மேல் நிலையில் உள்ளது கீழ் நிலையில் உள்ளதைக் கொத்தும். கீழ் நிலையில் உள்ளது திருப்பிக் கொத்தாது, விலகிச் செல்லும். தார்லீஃப் ஷெல்டரூப்-எப்பே என்னும் நார்வே தேசத்து அறிஞர் கோழிகளைப் பல ஆண்டுகள் கூர்ந்து நோக்கி, இக்கொத்து வரிசையை 1920-களின் தொடக்கத்தில் உலகிற்கு எடுத்துக் கூறினார். வரிசை நிலைபெற்றுவிட்டால் கூட்டத்தில் சண்டை அடங்கிவிடும். புதிய பறவை வந்தாலும், பழைய பறவையைப் பல நாள் பிரித்து வைத்து மீண்டும் விட்டாலும், வரிசை கலைந்து சண்டை மறுபடியும் மூளும். ஆகையால் அடிக்கடி சேவலைக் கட்டி வைத்து அவிழ்த்து விடுவதும், சந்தையில் வாங்கிய சேவலை உடனே கூட்டத்தில் விடுவதும் சண்டைக்கு விதை விதைப்பதாகும்.

சேவலின் கூவுதலும் இவ்வரிசைக்கு உட்பட்டதே. பொழுது புலர்வதை அது வெளிச்சத்தைக் கண்டு மட்டும் அறிவதில்லை. உடலுக்குள் இருக்கும் காலக்கணக்கினாலேயே முன்னதாக அறிகின்றது என்று ஜப்பான் தேசத்து நகோயா சர்வகலாசாலையார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரே கூட்டத்துச் சேவல்களில் மேல் நிலையில் உள்ளது முதலில் கூவும் என்றும், மற்றவை தத்தம் நிலைக்கு ஏற்ப அதன்பின் கூவும் என்றும் 2015-ஆம் ஆண்டில் கண்டனர். எனவே விடியற்காலையில் கூவுகிறதென்று சேவலை அடிப்பதில் யாதொரு பயனுமில்லை. கூவல் மிகுதியாகத் தோன்றுமாயின், தொகையைக் குறைப்பதே அதற்கு வழி.

சண்டைக் குணமும் கூவுதலும் சிவந்த கொண்டையும் ஒரே ஊற்றிலிருந்து வருவன. பெர்த்தோல்டு என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1849-ஆம் ஆண்டில் இளஞ்சேவல்களின் விதைகளை நீக்கிப் பார்த்தார். அவற்றின் கொண்டை சிறுத்தது. அவை சேவலைப்போல் கூவவுமில்லை, சண்டையிடவுமில்லை. விதையை மீண்டும் வயிற்றினுள் வைக்கப்பெற்ற பறவைகளோ முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. இதைக் கேட்டு ஒருவரும் வீட்டில் இத்தொழிலைச் செய்ய முற்படலாகாது. சேவலின் விதைகள் உடலுக்குள் முதுகெலும்பை ஒட்டியிருப்பவை. மயக்க மருந்தின்றிக் கத்தியெடுப்பது பெருங்கொடுமை. பறவையும் பிழைப்பது அரிது. சேவலின் வேகம் அதன் பிறவியோடு வந்தது என்பதையும், ஏறக்குறைய ஐந்து மாத வயதில் அது தலைகாட்டுவது இயற்கை என்பதையும் உணர்வதற்காகவே இது சொல்லப்பட்டது.

இனி அதன் நற்குணங்களையும் மறத்தலாகாது. தீனி கண்ட இடத்தில் நல்ல சேவல் தான் தின்னாமல், குறுகிய குரலெழுப்பித் தீனியைக் கொத்தி எடுத்துப் போட்டுப் பெட்டைகளை அழைக்கும். வானத்தில் பருந்து தோன்றினால் ஒருவிதமாகவும், தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறுவிதமாகவும் எச்சரிக்கும். முன்னதைக் கேட்ட பெட்டைகள் பதுங்கும்; பின்னதைக் கேட்டவை நிமிர்ந்து நாற்புறமும் நோக்கும். இத்தகைய சேவல் ஒன்று காவற்காரனுக்குச் சமானம்.

எத்தனை சேவல் வேண்டும்?

பெட்டை முட்டையிடுவதற்குச் சேவல் அவசியமில்லை. நாமக்கல் பண்ணைகளிலிருந்து நாள்தோறும் வெளியூர் செல்லும் முட்டைகள் யாவும் சேவலின் முகத்தையே காணாத பெட்டைகள் இட்டவை. குஞ்சு பொரிப்பதற்கு மாத்திரமே சேவல் வேண்டும். அதற்கும் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது. சேவலின் வித்து பெட்டையின் உடலுக்குள் நுண்ணிய பைகளில் பத்து நாளும் அதற்கு மேலும் உயிருடன் தங்கியிருப்பதால், தினந்தோறும் சேவல் மிதிக்க வேண்டுமென்பதில்லை.

பத்து வீடுகள் உள்ள ஒரு தெருவில் வீட்டிற்கு நான்கு பெட்டைகளும் இரண்டு சேவல்களும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பெட்டைகள் 40, சேவல்கள் 20. நாற்பது பெட்டைகளுக்கு வேண்டிய சேவல்கள் நான்கே. இறந்துபோனால் உதவுவதற்கு இரண்டை அதிகமாக வைத்துக்கொண்டாலும் ஆறு போதும். எஞ்சிய 14 சேவல்கள் வீண் செலவு. வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தீனி தின்னும். அதிற் பாதியைக் குப்பைமேட்டிலும் களத்திலும் பொறுக்கிக்கொள்கிறதென்று தள்ளிவிட்டாலும், மீதி 50 கிராம் வீட்டாரின் கம்பிலும் சோளத்திலும் அரிசிக் குறுணையிலுமிருந்தே வரவேண்டும். பதினான்கு சேவல்களுக்கு நாளொன்றுக்கு 700 கிராம். மாதத்திற்கு 21 கிலோ. அவ்வளவு தானியமும் முட்டையிடாத வயிற்றிற்குள் போகின்றது.

தீனியோடு நஷ்டம் நிற்பதில்லை. இரண்டு பெட்டைகளுக்கு ஒரு சேவல் வீதம் இருக்கும் தெருவில், ஒவ்வொரு பெட்டையும் பகல் முழுதும் துரத்தப்படுகின்றது. அதன் முதுகிறகு உதிர்ந்து தோல் கிழிகின்றது. அஞ்சி ஒளிந்து திரியும் பெட்டை வயிறார மேய்வதில்லை. கூடையை விட்டுப் புதரில் முட்டையிடுகின்றது. ஒரு சேவல் மிதிக்கும்போது மற்றொன்று பாய்ந்து தள்ளிவிடுவதால், சேவல் மிகுந்த இடத்தில் கருக்கூடுவதும் குறைவுபடும். எனவே பெட்டைகளின் முதுகைப் பார்த்தே அந்தத் தெருவின் சேவற்கணக்கைச் சொல்லிவிடலாம்.

சேவல் இளசாயிருக்கும்போதே பிரித்து எடுப்பது நலம். மூன்று மாதத்திற்குள் கொண்டையின் சிவப்பும், கழுத்திலும் இடுப்பிலும் கூரிய இறகும் தோன்றிச் சேவல் இன்னதென்று தெரிந்துவிடும். தை மாதத்தில் பொரித்த குஞ்சு ஆடி மாதத்தில் ஆறு மாதச் சேவலாகி நிற்கும். ஆடி மாதக் கோயில் விழாக்களிலும் தீபாவளியிலும் நாட்டுச் சேவலுக்குக் கிராக்கி உண்டு. அந்நாட்களை உத்தேசித்து விற்றுவிடுவதே புத்திசாலித்தனம். அதற்குமேல் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் தீனிச் செலவைக் கூட்டுமேயன்றி அதற்கேற்ற எடையைக் கூட்டாது.

குலதெய்வத்திற்கென்று நேர்ந்துவிட்ட சேவல் பல வீடுகளில் ஆண்டுக்கணக்காகத் திரிவதுண்டு. நேர்ச்சையை எவரும் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் நேர்ந்த சேவலையே இனச்சேவலாகவும் விட்டுவிடுதல் கூடாது. அதனைத் தனி அடைப்பில் வைத்து, நாள் தள்ளாமல் நேர்ச்சையைச் செலுத்திவிடுவதே முறை.

மனிதரைக் குத்தும் சேவல்

சேவல் குத்துவதை விளையாட்டாக எண்ணிச் சிரிப்போர் உண்டு. வயது வந்தவருக்கு அது கணுக்காலில் ஒரு கீறல். இரண்டு வயதுக் குழந்தைக்கோ முகம் சேவல் பாயும் உயரத்திலேயே இருக்கின்றது. காலின் முள் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். ஆகையால் குத்தும் சேவல் உள்ள வீட்டில் சிறு குழந்தையைத் தனியே புழக்கடையில் விடுதல் கூடவே கூடாது. காயம் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, ஆஸ்பத்திரிக்குச் சென்று ரணஜன்னித் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். கண்ணிலோ கண்ணருகிலோ பட்டால் கைவைத்தியம் எதுவும் செய்யாமல் அக்கணமே வைத்தியரிடம் கொண்டு போகவேண்டும்.

சேவல் குத்துவதற்கு முன்னர் அறிகுறி காட்டும். கழுத்திறகை விரித்துச் சிலிர்க்கும். ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து வட்டமிடும். தலையைத் தாழ்த்தி உற்று நோக்கும். அப்பொழுது முதுகு காட்டி ஓடினால், அது தான் வென்றதாக நினைத்து மறுமுறை இன்னும் விரைவாகப் பாயும். உதைத்தாலும் கம்பால் அடித்தாலும், மனிதனும் தன்னோடு சண்டைக்கு வந்த ஒரு சேவலே என்று எண்ணிச் சினம் மிகும். ஓடாமலும் அடிக்காமலும், நிமிர்ந்து நின்று, கூடையையோ முறத்தையோ காலுக்கு முன்னர்த் தடுப்பாகப் பிடித்து, அது விலகும்வரை பொறுத்து, பின்னர் மெல்ல நடந்து செல்லவேண்டும். சேவல் விலகிய பின்னரே அவ்விடம் விட்டு அகலவேண்டும் என்பதை மறத்தலாகாது.

தினசரி வேலைகளிலும் சில நியமங்களைக் கைக்கொள்ள வேண்டும். பெட்டைகளுக்கும் சேவலுக்கும் இடையே புகுந்து நடக்கலாகாது. சேவலின் கண்முன்னே பெட்டையைப் பிடித்துக் கதறவிடலாகாது. பிடிக்கவேண்டியதை இரவில் பரணிலிருந்து எடுப்பது எளிது. கையிலிருந்து தீனி கொடுக்காமல் தரையில் பரவலாக இறைக்கவேண்டும். சிறுவர்கள் சேவற்குஞ்சைக் கையில் வைத்துச் சீண்டி விளையாடுவதைத் தடுக்கவேண்டும். மனிதரைக் கண்டு அச்சமின்றி வளர்ந்த குஞ்சு, பருவம் வந்ததும் அம்மனிதரையே எதிரியாகக் கொள்வதுண்டு. முரட்டுச் சேவலை மாலைப் பொழுதில் பிடித்து, சிறகை உடலோடு அணைத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, அது திமிறுவதை விட்டு அடங்கும்வரை நிதானமாக நின்று, பின்னர்த் தரையில் விடுவதைச் சில நாட்கள் செய்து பார்க்கலாம். பல சேவல்கள் இதனால் பணிவடையும்.

முள்ளின் கூர்மையையும் குறைக்கலாம். முள்ளின் உட்புறம் எலும்பும் இரத்தமும் உடையது; ஆகையால் அடியோடு வெட்டுதல் தகாது. நுனியை மட்டும் சிறிய அரத்தால் தேய்த்து மழுக்கினால் பெட்டைக்கும் மனிதருக்கும் ஏற்படும் காயம் குறையும்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் பொறுத்தும் மனிதரைக் குத்தும் சேவலை வைத்திருக்கலாகாது. அதை இனவிருத்திக்கு விடுதல் இன்னும் தவறு. சண்டைக் குணம் தகப்பனிடமிருந்து மக்களுக்கு இறங்குவது என்பதற்கு அசில் ஜாதிக் கோழியே போதிய சாட்சி. தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்த்ததனால் வந்தது அதன் வேகம். சண்டைக்காகப் பொறுக்கியதால் சண்டை வளர்ந்ததாயின், சாந்தத்திற்காகப் பொறுக்கினால் சாந்தமும் வளரும்.

சேவற்கட்டின் ஆசையால் முரட்டுச் சேவலையே விரும்பி வைப்போரும் உண்டு. வேடிக்கைக்காகப் பிராணிகளைச் சண்டைக்கு ஏவுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். பந்தயத்தில் போகும் பணம் ஒருபுறமிருக்க, அத்தகைய சேவல் தெருவில் திரிந்து வைத்துவிட்டுப் போகும் சந்ததி அயல் வீட்டுக் குழந்தைகளைக் குத்துகின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேவலும் சேவலும்

ஒரே தாயின் கீழ் ஒன்றாக வளர்ந்த சேவல்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். அவற்றைப் பிரித்துப் பல நாள் கழித்துச் சேர்த்தால், அந்நியர்களைப்போல் போரிடும். சண்டை மூண்டபோது கையை நீட்டிப் பிரிக்க முயல்வது ஆபத்து. ஒன்றன்மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டு மற்றொன்றை அப்பால் விரட்டுவதே எளிய வழி. இரத்தம் கண்ட இடத்தைக் கோழிகள் யாவும் கொத்தும். ஆகையால் காயம் பட்டதைத் தனியே வைத்து, புண் ஆறிய பின்னரே வெளியே விடவேண்டும்.

இடம் குறுகலாயிருந்தால் தோற்ற சேவல் ஒதுங்க வழியின்றி மீண்டும் மீண்டும் அடிபடும். தீனியையும் தண்ணீரையும் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வைக்கவேண்டும். விறகுக் கட்டு, கீற்றுத் தட்டி, செடிப் புதர் முதலிய மறைவுகள் இருந்தால், எதிரியின் கண்ணிற்படாமல் அது ஒதுங்கிக்கொள்ளும். இரவில் தங்கும் பரணில் ஒவ்வொரு கோழிக்கும் எட்டங்குல இடமேனும் கொடுக்கவேண்டும்.

புதிதாக வாங்கிய சேவலை மூன்று வார காலம் தனியிடத்தில் வைத்திருக்க வேண்டும். இது சண்டையைத் தடுப்பதற்காக மட்டுமன்று. சந்தையிலிருந்து வரும் சேவல் வெள்ளைக்கழிச்சலைக் கொண்டுவந்து தெரு முழுவதையும் காலிசெய்துவிடக்கூடும். இதுவே ராணிக்கெட் வியாதி எனப்படுவது. இதற்குத் தடுப்பு மருந்து கால்நடை மருந்தகங்களில் கிடைக்கின்றது. நோய் வந்தபின் பயனில்லை. மூன்று வாரம் கழிந்ததும், கம்பி வலையின் அப்புறமும் இப்புறமுமாகச் சில நாட்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, பின்னர் ஓர் இரவில் பரணில் மற்றவற்றோடு ஏற்றிவிட்டால் சண்டை குறையும்.

கோடையும் கருமுட்டையும்

அடைகாக்கும் பெட்டையின் கீழ் முட்டைக்கு வேண்டிய சூடு ஏறக்குறைய 37.5 டிகிரி செண்டிகிரேடு. ஆனால் அவ்வளவு சூடு வந்தால்தான் கரு வளரத் தொடங்கும் என்று நினைப்பது பிழை. 27 டிகிரியைத் தாண்டிய இடத்தில் முட்டையை வைத்தாலே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். சூடு போதாமையால் சில நாளில் இறந்துபோகும். பின்னர் முட்டை அழுகும். தமிழ்நாட்டில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் வீட்டின் நிழலிலும் இச்சூடு இரவு பகலாக இருக்கின்றது. அடுக்குப்பானையில் ஒரு வாரம் சேர்த்து வைத்த முட்டைகளில் பாதி கூமுட்டையாகிப் போவதற்கும், வியாபாரி நாட்டு முட்டையை ஐயத்தோடு வாங்குவதற்கும் இதுவே முக்கிய காரணம். சேவல் மிதிக்காத முட்டையில் வளர்வதற்குக் கருவே இல்லை. வெயிலால் அதுவும் தரம் குறையுமாயினும், மிதித்த முட்டையைப்போல் கெடாது.

ஆகவே விற்பனைக்கு முட்டை சேர்க்கும் கோடை மாதங்களில் சேவல்களைப் பெட்டைகளினின்றும் பிரித்துவிட வேண்டும். பிரித்த மறுநாளே கருவற்ற முட்டை கிடைத்துவிடாது. பெட்டையின் உடலில் தங்கிய வித்தினால் மூன்று வாரம் வரையிலும் கருமுட்டை வரக்கூடும். எனவே பங்குனிக்கு வேண்டுமானால் மாசி முதல் வாரத்திலேயே பிரிக்கவேண்டும். அதேபோல், குஞ்சு பொரிப்பதற்காக நல்ல சேவலைப் புதிதாக விட்டால், பழைய சேவலை நீக்கி மூன்று வாரம் கழிந்த பின்னர் இட்ட முட்டைகளையே அடை வைக்கவேண்டும். இல்லையேல் குஞ்சுகள் யாருடைய வாரிசு என்பது தெரியாது. அடை வைத்த ஏழாம் நாள், இருட்டில் டார்ச்சு விளக்கின்மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருக்கூடியதில் சிலந்தி வலைபோல் செந்நரம்புகள் தெரியும். தெளிவாயிருப்பதை எடுத்துவிடலாம்.

பிரித்த சேவல்களைப் பஞ்சாரத்திற்குள் நாள் முழுதும் அடைத்து வைப்பது இம்சை. கம்பி வலையோ மூங்கில் தட்டியோ கட்டிய அடைப்பில், பெட்டைகள் கண்ணிற்படாத பக்கத்தில், ஒன்றாக வளர்ந்த சேவல்களைச் சேர்த்து வைத்தால் அவை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். இதனால் ஒரு குறையும் உண்டு. காவலுக்குச் சேவலில்லாத காலத்தில் பருந்தின் பயம் மிகும். ஆகையால் அம்மாதங்களில் குஞ்சுகளைத் திறந்த வெளியில் விடாமல், மரத்தடியிலும் பந்தலின் கீழும் மேயவிட்டு, வீட்டார் கண்காணித்து வரவேண்டும்.

தேர்வும் தெருவாரின் ஒற்றுமையும்

இனச்சேவலாக வைக்கத்தக்கது எது? தீனியைக் கண்டால் பெட்டைகளை அழைப்பது. பருந்தைக் கண்டு முதலில் குரல் கொடுப்பது. தீனி இறைப்பவரை நெருங்கினாலும் குத்தாதது. பெட்டைகளின் இறகைக் கெடுக்காதது. கண் தெளிந்து, கால் நேராய், மார்பு அகன்று இருப்பது. மிகுதியாக முட்டையிட்டு நன்றாக அடைகாத்த பெட்டையின் வயிற்றில் வந்தது. நிறமும் வாலழகும் இவற்றிற்குப் பின்னரே பார்க்கவேண்டியவை. கொழுத்த சேவலை முதலில் விற்றுவிட்டு, விலைபோகாத நோஞ்சானை இனத்திற்கு விடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது விதை நெல்லை உண்டுவிட்டுப் பதரை விதைப்பதற்கு ஒப்பாகும். மேலும், அதே சேவல் தன் மக்களையும் மிதிக்கும்படி விடாமல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு தெருவிலிருந்தோ வேறு கிராமத்திலிருந்தோ நல்ல சேவலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில்தான் தெருவாரின் ஒற்றுமை தேவைப்படுகின்றது. சேவலுக்கு வேலி தெரியாது. ஒரு வீட்டார் தம்முடைய முரட்டுச் சேவலை விற்றுவிட்டு நல்லதை வைத்தாலும், அடுத்த வீட்டு முரட்டுச் சேவல் வந்து அதை அடித்துத் துரத்தி, அவ்வீட்டுப் பெட்டைகளையே மிதித்துவிடும். ஒரு வீட்டார் கோடையில் சேவலைப் பிரித்து வைத்தாலும், மற்ற ஒன்பது வீட்டுச் சேவல்கள் தெருவில் திரியுமாயின் அவர்களுடைய முட்டையும் கருமுட்டையே. ஒருவர் செய்த நன்மை மற்றவர் அசட்டையால் வீணாகும் இடத்தில், கூட்டு முயற்சியைத் தவிர வேறு வழியில்லை. சேவலால் எழும் தெருச் சண்டைகளும் குறைவல்ல. குத்துப்பட்ட குழந்தையின் தாயும் சேவலுக்குரியவரும் பேச்சு முறித்துக்கொண்ட தெருக்கள் பல.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து இப்போது கன்னியாகுமரி ஜில்லாவில் உள்ள மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் நடத்திய கிராம புனருத்தாரண நிலையம் 1920-களிலும் 1930-களிலும் கோழி இன அபிவிருத்தியையும் முட்டைகளைக் கூட்டாக விற்கும் ஏற்பாட்டையும் ஒருங்கே நடத்திற்று. தனித்தனியாக நாலு முட்டை வைத்திருப்பவருக்கு வியாபாரி சொன்னதே விலை. ஒரே தரமான முட்டை நூறு சேர்ந்தால் விற்பவரும் விலை சொல்லலாம். அந்தத் தரம் சேவலைச் சீர்ப்படுத்தாமல் வாராது.

இந்நாளில் தெருதோறும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. அவர்களுடைய மாதக் கூட்டத்திலேயே இக்காரியத்தைத் தொடங்கலாம். முதற் கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டாரும் தம் பெட்டை எத்தனை, சேவல் எத்தனை என்று சொல்லி ஒரு நோட்டில் எழுதவேண்டும். பத்துக்கு ஒன்று என்னும் கணக்கில் இனச்சேவல்களைப் பொறுக்கி, காலில் வர்ண வளையமிட்டு அடையாளம் செய்யவேண்டும். குத்துகின்ற சேவல் யாருடையதாயினும் முகதாட்சணியம் பாராமல் நீக்கவேண்டும். எஞ்சியவற்றை ஒரே நாளில், கண்மதிப்பாகக் கொடாமல் தராசில் எடைபோட்டு, கூட்டாக விற்கவேண்டும். உரிய பணத்தை உரியவரிடம் அன்றே சேர்க்கவேண்டும். இனச்சேவல் வைத்திருக்கும் வீட்டாருக்குத் தீனிச் செலவு அதிகமாகையால், மற்ற வீட்டார் முறைபோட்டுத் தானியம் கொடுப்பது நியாயம். இதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், ஏற்பாடு மூன்று மாதத்திற்குமேல் நிலைக்காது. கோடைக்கு முன்னர் எல்லாரும் ஒரே நாளில் சேவல்களை அடைப்பில் விடுவதற்கும் அந்நோட்டிலேயே தேதி குறிக்கவேண்டும்.

இவ்வளவிற்கும் கடன் வாங்க வேண்டியதில்லை. புதிய ஜாதிக் கோழி தருவிக்க வேண்டியதில்லை. வேண்டுவன ஒரு நோட்டும், ஒரு தராசும், அயலாரோடு மனம்விட்டுப் பேசும் ஒரு மாலைப்பொழுதுமே. சென்ற வருஷம் முட்டைக் காசு குறைந்ததற்குப் பருந்தின்மேல் பழிபோட்ட வீட்டார், இந்த வாரம் தம் தெருவிலுள்ள சேவல்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.